‘படும்’ என்பதைப் ‘பட்ட’ என்று திருத்தியது குறித்து

நீங்கள் எனக்கு அனுப்பிய அழைப்புக் கடிதம் அரைப் பக்கம்தான். அதற்குள் மூன்று பிழைகள். ‘விசாரணை’க்கு மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருக்கிறீர்கள். ‘விளக்கத்தை கொடுக்கவும்’ என்பதில் நடுவே வர வேண்டிய க் வரவில்லை. ‘ஆஜராகவும்’ என்பதில் வல்லின ற வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கோபப்படவில்லை. காலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் திருத்தி, அந்தக் கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த ஆளுக்கு அனுப்பும்போது உதவும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கும் இதுதான் காரணம். திமிர் என்று உங்கள் குமாஸ்தா முணுமுணுத்தது காதில் விழுந்தது. திமிர் இல்லை. நான் முப்பத்தோரு வருடமாக அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். அரசிதழில் வெளியாகும் ஒவ்வொரு சட்டமும் விதியும் அறிவிப்பும் என் மேசையைத் தாண்டித்தான் நாட்டுக்குப் போகின்றன. எத்தனையோ அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். என்னென்னவோ சொல்லி அவர்களைத் திட்டினார்கள். எழுத்துப்பிழையோடு ஆண்டார்கள் என்று மட்டும் யாரும் திட்டியதில்லை. அதற்குக் காரணம் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவை நான் படித்துவிட்டேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அச்சடிக்க எங்களிடம்தானே கொடுத்தீர்கள். அதில் பதினோராம் பக்கத்தில், ‘இறக்குமதி உரிம விதிகளில் “வழங்கப்படும்” என்று இருக்க வேண்டிய சொல் “வழங்கப்பட்ட” என்று வெளியானது, தட்டச்சரின் கவனக்குறைவால் நேர்ந்த அச்சுப்பிழை’ என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். தட்டச்சு அம்மாவுக்கு இன்னும் எட்டு மாதம்தான் வேலை பாக்கி. அவருடைய ஓய்வூதியத்தை நிறுத்தலாம் என்றும் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அந்த அம்மா மூன்று நாளாக விசைப்பலகைமேல் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். ‘ல’ ஒட்டிக்கொண்டு எழ மாட்டேன் என்கிறது.

ஆனால் நான் இதை எழுதுவது அவருக்காக இல்லை. அந்தப் பக்கத்தின் அடியில் ‘மெய்ப்புப் பார்த்தது’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருப்பது என் சுருக்கொப்பம். அதற்கு மேலே ஓர் அச்சுப்பிழை தப்பிப் போய்விட்டது என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது. அது பிழை இல்லை. நான் திருத்தியது.

உங்களுக்கு இலக்கணம் நடத்துவதாக நினைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் நடத்தினால் தேவலை என்று தோன்றுகிறது. ‘வழங்கப்படும் உரிமங்கள்’ என்றால் இனிமேல் கொடுக்கப்போகிற உரிமங்கள். ‘வழங்கப்பட்ட உரிமங்கள்’ என்றால் ஏற்கெனவே கொடுத்து, வாங்கினவர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவை. புது விதி பழைய உரிமத்தைத் தொடலாமா என்பதைப் பற்றி வக்கீல்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், தொடாது. போன மாதம் பயணச்சீட்டு வாங்கி ஊர் போய்ச் சேர்ந்தவனின் வீட்டுக் கதவைத் தட்டி, இன்று கட்டணம் ஏறிவிட்டது, மிச்சத்தை எடு என்று நடத்துநர் கேட்க முடியாது. ஆனால் விதியே வாயைத் திறந்து ‘பழையதையும் தொடுவேன்’ என்று சொல்லிவிட்டால், தொட்டுவிடும். அப்படிச் சொல்ல ஒரு வரிகூட வேண்டாம். இரண்டு எழுத்துப் போதும். ‘டும்’ இருக்கிற இடத்தில் ‘ட்ட’.

விதி வந்த கதை உங்களுக்குத் தெரியும். உள்ளூர்ப் பால்மாவு கிடங்குகளில் தேங்கிக் கட்டிதட்டிப் போயிருந்தது. அதனால் வெளிநாட்டுப் பால்மாவையும் ‘பால்மாவு போன்ற தோற்றமுடைய பிற பொடிகளையும்’ இறக்குமதி செய்யக் கூடாது என்று விதி செய்தார்கள். ‘தோற்றமுடைய’ என்ற சொல்லைப் போட்டவர் துணைச் செயலாளர். இப்படி எழுதினால் முகத்துக்குப் பூசுகிற பவுடரும் அடங்குமே, சலவைத்தூளும் அடங்குமே என்று நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். ‘இருக்கட்டும்’ என்று பதில் வந்தது. ஆகவே நான் அக்கறை இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, இறக்குமதி வியாபாரி. முன்பெல்லாம் சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மைகளை இறக்கி விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள், எட்டு வயது. அவள் பிறந்த பதினைந்தாம் நாளில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்: சாதாரண உணவில் இருக்கிற புரதத்தை அவள் உடம்புக்குச் செரிக்கத் தெரியாது. பாலும் பருப்பும் முட்டையும் மற்றவர்களுக்குச் சத்து, அவளுக்கு விஷம். சரி என்று பட்டினி போட்டாலும் வம்பு. உடம்பு தன் தசையையே கரைத்து அதே விஷத்தைச் செய்துகொள்ளும். அவளைப் போன்றவர்களுக்காகவே ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. வெளிநாட்டில் ஒரே ஓர் ஆலையில் செய்கிறார்கள். பார்க்கப் பால்மாவு மாதிரியே இருக்கும், பால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அதை வேளாவேளைக்குக் கலக்கிக் குடித்தால் மற்றப் பிள்ளைகளைப் போல் ஓடுவாள், ஆடுவாள், வாயாடுவாள். வாயாடுவதில் ஒருபடி மேலே என்றே சொல்லலாம். பொடி நின்றுபோனால், ஒரு காய்ச்சல் போதும், பிழைக்க மாட்டாள். இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சகலை பொம்மையை விட்டுவிட்டுப் பொடிக்கு உரிமம் வாங்கினார். நாடு முழுவதும் இப்படிப்பட்ட குழந்தைகள் இன்னும் முப்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே வரவழைத்து, இலாபம் வைக்காமல் கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. மாமனார் அதை வெட்டி, லேமினேட் செய்து, கூடத்தில் மாட்டினார். எனக்கு முப்பதாண்டுச் சேவைக்குக் கிடைத்த பதக்கத்தை அவரிடம் காட்டியபோது கையில் வாங்கிப் பார்த்து, “நல்ல கனமா இருக்கே மாப்பிள்ளை, காகிதம் பறக்காம இருக்க மேல வைக்கலாம்” என்றார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

விதியின் வரைவு ஒரு வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தது. அதில் ‘வழங்கப்படும்’ என்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாமனார் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடினோம். சகலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, புது ரூல் ஒண்ணு வருதாமே. என் லைசென்ஸுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. அதைத் தொடுமா?”

“தொடாது,” என்றேன். “‘வழங்கப்படும்’னுதான் போட்டிருக்கு. இனிமே கொடுக்கிறதுக்குத்தான். உங்களுது ஏற்கெனவே கொடுத்தது.”

“நிச்சயமாவாண்ணே? ஏன்னா, கப்பல்ல ஒரு பெட்டி வந்துக்கிட்டிருக்கு. சந்தேகம்னா சொல்லுங்க, அடுத்த பெட்டிக்கானதையும் இப்பவே விமானத்துல போட்டு வரவழைச்சுக்கிறேன்.”

“என் மேசையைத் தாண்டித்தானே போகணும்? நான் சொல்றேன், நிம்மதியா இருங்க.”

அவர் நம்பினார். அலுவலக இரகசியத்தை வெளியே சொன்னது விதிமீறல்தான். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

பேச்சு அத்தோடு முடிந்திருந்தால் நீங்களும் நானும் சந்தித்தே இருக்க மாட்டோம். சகலை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளிநாட்டு எழுத்து தாய்மார்களுக்குப் புரியவில்லையென்று, தமிழில் சீட்டு அச்சடித்து எல்லா டப்பாக்களிலும் ஒட்டியிருந்தார். பச்சை நிறத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு, ‘சிறப்பு உனவு’ என்று போட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

“உணவுக்கு மூணு சுழி. ரெண்டு சுழி போட்டிருக்கீங்க. இதைக் கிழிச்சுட்டு வேற அச்சடிங்க,” என்றேன்.

சகலை வாயில் சோற்றோடு சிரித்தார். “விடுங்கண்ணே. ரெண்டு சுழியோ மூணு சுழியோ, பிள்ளைங்க வயித்துக்குள்ள போனா சரி. பொடிக்கு என்ன படிக்கவா தெரியும்?”

மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. என் மனைவியும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள், அது இன்னும் மோசம். அப்போதுதான் அந்தப் பெண், தன் பொடி கலந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு, “மூணுசுழி பெரியப்பா!” என்றாள். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. கை கழுவப் போவதற்குள் அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. மாமியார் தண்ணீர்ச் செம்பை நீட்டி, “மூணுசுழி மாப்பிள்ளைக்குக் கொடுங்க” என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு என்னைப்போல் மனம்விட்டுச் சிரித்தவர் யாருமில்லை என்று என் மனைவி வீட்டுக்கு வரும் வழியில் பாராட்டினாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் விதியின் இறுதி மெய்ப்பு வந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ‘டும்’மை அடித்தேன். ஓரத்தில் ‘ட்ட’ என்று தெளிவாக எழுதினேன். தட்டச்சு அம்மா நான் எழுதியதை அப்படியே அடித்தார். அவருடைய வேலையில் குற்றமே இல்லை. பிறகு மெய்ப்பு அமைச்சகத்துக்குப் போய், துணைச் செயலாளரின் ‘சரி’யோடு மாலையே திரும்பி வந்தது.

அவர் படித்துப் பார்த்திருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். அவர் எதையும் படிப்பதில்லை. இதை நான் முன்பே சோதித்திருக்கிறேன். ஒருமுறை கால்நடைத் துறை அறிவிப்பில் ‘ஆடு’ வருகிற இடத்திலெல்லாம் ‘அமைச்சர்’ என்று போட்டு அனுப்பினேன். அமைச்சர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க வேண்டும் என்பதற்குக் கீழே ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நல்ல யோசனைதான், ஆனாலும் நானே திருப்பி மாற்றினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். சகலையின் பெட்டி துறைமுகத்தில் ஒரு பத்து நாள் நிற்கட்டும். ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியட்டும். பத்தாம் நாள் நானே ‘அடடா, பிழை’ என்று ஒரு குறிப்பு எழுதி, திருத்த அறிவிப்பு வெளியிட்டு, பெட்டியை விடுவித்துக் கொடுப்பேன். இதை ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்த எனக்குச் சம்பளம் கிடையாது, சும்மாதான் நடத்தினேன்.

வெள்ளிக்கிழமை அரசிதழ் வெளியானது. அதற்கடுத்த புதன்கிழமை பெட்டி துறைமுகத்தில் இறங்கியது. சுங்க அதிகாரி ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தார். வெள்ளையாக இருந்தது. நிறுத்திவிட்டார். உரிமத்தைக் காட்டினால், அரசிதழைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை சகலை அச்சகத்துக்கே வந்துவிட்டார். அரசிதழை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“அண்ணே, நீங்க ‘படும்’னுதானே சொன்னீங்க? இதுல ‘பட்ட’ன்னு இருக்கே.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். “நான் பார்த்தப்ப ‘படும்’தான் இருந்துச்சு. மேல யாராவது மாத்தியிருப்பாங்க.”

“இந்த ஒரு வார்த்தைதான் கழுத்தைப் பிடிக்குதுன்னு வக்கீல் சொல்றார். ‘படும்’னு மட்டும் இருந்தா பெட்டியை இன்னைக்கே விட்டுடுவாங்களாம். இதை யாருண்ணே சரி பண்ணணும்?”

“திருத்த அறிவிப்பு வரணும். மூலப் பிரதியோட ஒத்துப் பார்த்து, பிழை இருக்குன்னு அச்சகத்துலேர்ந்து எழுதிக் கொடுக்கணும்.”

“அச்சகத்துல யாரு எழுதணும்?”

“அதுக்குன்னு ஒருத்தர் இருக்கார்,” என்றேன். “கொஞ்சம் கறாரான ஆளு.”

“அவர் கால்ல வேணும்னாலும் விழறேண்ணே. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க.”

பேசுகிறேன் என்றேன். அவர் போன பிறகு நான் என்னிடம் பேசிப் பார்த்தேன். ஆள் மசியவில்லை.

பெட்டி நின்ற பன்னிரண்டாம் நாள் அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. மூலப் பிரதியில் இருந்த சொல் எது என்று கேட்டிருந்தார்கள். மூலப் பிரதி என்று தாங்கள் குறிப்பிடுவது கையெழுத்துப் பிரதியையா, தட்டச்சுப் பிரதியையா, இறுதி மெய்ப்பையா என்று நான் கேட்டெழுதினேன். ஐந்து நாள் கழித்து ‘மூன்றையும்’ என்று பதில் வந்தது. மூன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதினேன். அப்படி ஒரு விதியே இல்லை. விதி இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடுகிறார்கள். எங்கே அச்சடித்திருக்கிறது காட்டு என்று கேட்கிற ஆளை முப்பத்தோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. நடுவில் துணைச் செயலாளரே தொலைபேசியில் வந்தார்.

“ஏம்ப்பா, ‘பட்ட’ன்னு நானா எழுதினேன்?”

“கையெழுத்து உங்களுதுதான் சார்.”

“அப்போ நான்தான் எழுதியிருப்பேன். ஏதோ காரணம் இருந்திருக்கும்.”

பத்து நாள் என்று நினைத்தது இருபதானது இப்படித்தான். இதற்கிடையில் சகலை ஒரு காரியம் செய்தார். தன் மகளுக்கென்று வீட்டில் மூன்று மாதத்துக்கான பொடி வைத்திருந்தார். மற்ற வீடுகளில் பெரும்பாலோரிடம் ஒரு மாதத்துக்கு இருந்தது, நாலைந்து பேரிடம் ஒரு வாரத்துக்குக்கூட இல்லை. இவர் முப்பத்து மூன்று வீட்டுக்கும் விசாரித்து, எல்லாருக்கும் ஒரே அளவு நாள் வருகிற மாதிரி தன் வீட்டு டப்பாக்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் ஒரு மாதமானது. கொழுந்தியாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். மாமனார் வழக்கம்போல் பெருமைப்பட்டார். இந்த இடத்தை உங்கள் அறிக்கையில் அடிக்கோடிட வேண்டும். அவர் சும்மா இருந்திருந்தால் அந்தப் பெண் மூன்று மாதம் தாராளமாகக் குடித்திருப்பாள். பிரித்துக் கொடுத்தது நான் இல்லை.

இருபத்தாறாம் நாள் என் மனைவி வற்புறுத்தி என்னை அங்கே அழைத்துப் போனாள். மாலை நேரம். அந்தப் பெண் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அளவைக் குறைத்துக் கொடுத்ததில் கன்னம் வற்றி, கண் பெரிதாகத் தெரிந்தது. சன்னல் விளிம்பில் டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். எட்டு காலி, ஒன்று பாதி. என்னைப் பார்த்ததும் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

“பெரியப்பா, பாருங்க. எல்லாத்துலயும் மூணு சுழி போட்டுட்டேன்.”

பார்த்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் ‘உனவு’க்கு நடுவில் கறுப்பு மையால் ஒரு சுழியைச் சேர்த்திருந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லல. உங்களுக்காகத்தான் போட்டேன். இப்பக் கோவம் போயிடுச்சா?”

“எனக்கு என்ன கோவம்?” என்றேன். இரண்டு டப்பாக்களில் சுழியை வலப்பக்கம் போட்டிருந்தாள். இடப்பக்கம்தான் வர வேண்டும் என்று காட்டினேன். எச்சில் தொட்டு அழித்துவிட்டுச் சரியாகப் போட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்போது என் கைப்பையிலேயே குறிப்பு இருந்தது. ‘மூலத்துடன் ஒத்துப் பார்த்ததில் பிழை கண்டறியப்பட்டது’ என்று எழுதி முடித்து, கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்தேன். நாளைக் காலை முதல் வேலையாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாகச் செய்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். சகலை என் தோளில் கை போட்டு, கலங்கிய கண்ணோடு அவரிடம் சொன்னார்: “இவர்தான் எங்க மூணுசுழி அண்ணன். இவரை நம்பித்தான் இருக்கோம்.”

இரண்டாவது வாக்கியம் என் காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தது. ஆனால் முதல் வாக்கியம் முன்னால் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடக்கியதை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் குறிப்பை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு நடந்தது மருத்துவமனைக் கோப்பில் இருக்கிறது. முப்பத்தைந்தாம் நாள் பொடி தீர்ந்தது. சர்க்கரைத் தண்ணீரும் மாவுக் கஞ்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை. அன்று மதியம் மருத்துவமனையிலிருந்து என் மனைவி தொலைபேசியில் அழைத்து, “அவளுக்கு ஆள் அடையாளம் தெரியலீங்க, உங்க ஆபீஸ்ல அந்த மனுஷனுக்கு மனசே இல்லையா?” என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாற்பத்தோராம் நாள் காலை பத்தரை மணிக்கு அவள் இறந்துபோனாள். நான் அழுதேன். எல்லாரையும்விட அதிகமாக அழுதேன். என்னைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, சாட்சிகள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் பதினோராம் பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘மாற்றப்பட்டது’ என்று எழுத வேண்டாம். உங்கள் துறைக்கு அது பிடித்தமான நடை என்று தெரியும். அப்படி எழுதினால் யார் செய்தது என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். நேராக எழுதுங்கள். நான் மாற்றினேன். மாற்றினால் பெட்டி நிற்கும் என்று தெரிந்தே மாற்றினேன். நாற்பத்தோரு நாள் திருத்தாமல் வைத்திருந்தேன். அரை டப்பாதான் மிச்சம் என்று கண்ணால் பார்த்த பிறகும் வைத்திருந்தேன். கையெழுத்துப் போட நாலு நொடி ஆகும். அந்த நாலு நொடியை நான் கொடுக்கவில்லை. தட்டச்சு அம்மாவை விட்டுவிடுங்கள். முப்பத்தோரு வருடத்தில் என் மேசையிலிருந்து ஓர் அச்சுப்பிழைகூடப் போனதில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் குறிப்பில் கையெழுத்துப் போட்டேன். மதியத்துக்குள் திருத்த அறிவிப்பு வெளியானது. மாலையில் பெட்டியை விட்டுவிட்டார்கள். சகலை அன்று இரண்டு வண்டி வைத்து, வீடு வீடாகப் போய், முப்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் டப்பாக்களைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் மருத்துவமனையில் இருந்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரலே எழும்பவில்லை.

“மத்த பிள்ளைங்களுக்காவது கிடைச்சுதேண்ணே. நீங்க பேசலேன்னா அந்த ஆளு அசைஞ்சிருக்கவே மாட்டான். உங்க உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“பரவாயில்ல, விடுங்க,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? முப்பத்து மூன்று குழந்தைகள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள் என்றால், அந்தத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டது நான்தானே. அதையும் உங்கள் அறிக்கையில் தவறாமல், பிழையில்லாமல், சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.